கடையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது: இருப்பதா, பக்கத்துத் தெருவா, ஷாப்பிங் மாலா, புறநகரா, மூடுவதா?

நகரத்தின் நடுக் கடைத்தெருவில் கடை நடத்துபவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வந்தே தீரும். ஒப்பந்தம் முடிய ஒரு வருடமோ ஒன்றரை வருடமோதான் பாக்கி. வாடகை ஏறும் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். எதிர்வரிசையில் இரண்டு ஷட்டர்கள் மாதக்கணக்கில் இறங்கிக் கிடக்கின்றன, மூன்றாவதில் யாரோ புதிதாக இன்டீரியர் வேலை பார்க்கிறார்கள். தெரு ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் நாலைந்து இடங்களின் வாடகையை ஒரு தாளில் எழுதி, சதுர அடிக்கு எது மலிவு என்று பார்க்கத் தொடங்குவார்கள். அந்தத் தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் கடைக்குள் ஆளைக் கூட்டி வருவது யார்? தெருவா, பக்கத்துக் கடையா, நீங்களேவா?

1958இல் ரிச்சர்ட் நெல்சன் என்ற அமெரிக்கர் கடைகளை இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார். தானே ஆளை வரவழைக்கும் கடை முதல் வகை: கேமரா பழுது பார்ப்பவர், இசைக்கருவி விற்பவர், வேறெங்கும் கிடைக்காத உதிரிபாகம் வைத்திருப்பவர். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வந்தவர்கள் இங்கேயும் நுழைவதால் நடப்பது இரண்டாவது வகை: பெரிய துணிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் செருப்புக் கடை. மூன்றாவது வகைக்கு யாரும் கடையை நினைத்து வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. ரயிலைப் பிடிக்கவோ அலுவலகம் போகவோ அந்த வழியாக நடப்பவர் ஒரு மொபைல் கவரோ பத்திரிகையோ வாங்கிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

ஒரே கடைக்குள் இந்த மூன்று விதமான ஆட்களும் வருவார்கள், விகிதம்தான் மாறும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம், கடைசியில் ஒரு வாரம், கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு பில்லிலும் ஒரு குறி போட்டால் போதும்: தேடி வந்தவர், பக்கத்துக்கு வந்தவர், வழியில் போனவர். "எங்களைத் தேடியே வந்தீங்களா, இந்தப் பக்கம் வந்தப்போ பார்த்தீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தலைகளை மட்டும் எண்ணாமல் பில் தொகையையும் கூட்டுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் வழிப்போக்கர்களாக இருந்தும், வருமானத்தில் பாதிக்கு மேல் மீதி மூன்று பேரிடமிருந்து வருவது அரிதல்ல. இந்த ஒரு கணக்கு கையில் இல்லாமல் கீழே வரும் எந்த வழியையும் ஒப்பிட முடியாது.

இருக்கும் இடத்திலேயே இருப்பது

வழிப்போக்கரை நம்பிய கடையென்றால் என் பதில் சுருக்கமானது: கணக்கு தாங்கும்வரை இருங்கள். அந்தக் கடை கொடுக்கும் வாடகையில் விளம்பரச் செலவும் அடக்கம். ஐம்பது மீட்டர் தள்ளி, ஒரு சந்து திரும்பிப் போனால் வாடகை பாதியாகும், வியாபாரம் பாதிக்கும் கீழே போகும்.

பக்கத்துக் கடைகளை நம்பிய கடைக்கு இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. ஒரே சரக்கை விற்பவர்கள் ஏன் ஒரே தெருவில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள் என்பதற்கு 1929இல் ஹெரால்டு ஹோட்டெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரே சரக்கை விற்கும் இருவர், ஒருவர் வாடிக்கையை மற்றவர் பிடிக்கப் பார்த்து, நடுவை நோக்கி நகர்ந்து நகர்ந்து கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள் என்பது அதன் சாரம். வாங்குபவருக்கும் இது வசதி, நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் கூட்டமாக இருப்பதால் கிடைக்கும் பலன் கூட்டம் கலையும்போது அதைவிட வேகமாகப் போய்விடும். நியூயார்க்கின் மேற்கு 48வது தெரு பல பத்தாண்டுகளாக இசைக்கருவிக் கடைகளுக்குப் பெயர் போனது. மேனிஸ் 2009இல் மூடியது, சாம் ஆஷ் 34வது தெருவுக்குப் போனது, ரூடிஸ் 2015இல் அங்கிருந்து வெளியேறியது. பாதிக் கடைகள் போன பிறகு, மீதிக் கடைகள் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் தெருவின் பெயர் தாங்காது. ஆகவே பக்கத்துக் கடைக்காரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது உங்கள் ஒப்பந்தம் முடிவதைப் போலவே முக்கியமான தகவல். டீ குடிக்கும்போது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கடை மூடுவதை வைத்துத் தெருவைக் கணிப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் டாப்ஷாப் என்ற துணிக்கடை நிறுவனத்தின் பெரிய கடை 2021இல் முடிவுக்கு வந்தது. அதே கட்டடத்தில் 2025 மே மாதம் ஐக்கியா மரச்சாமான் கடை திறந்தது. தெரு செத்துவிட்டது என்று எழுதியவர்கள் தவறினார்கள் என்று சொல்லலாம். ஆனால் நடுவில் நாலு வருடம் இருக்கிறது. அந்த நாலு வருடம் வாடகை கொடுத்துக்கொண்டு ஈயோட்ட உங்களால் முடியுமா என்பதுதான் சிறு கடைக்காரரின் கேள்வி. சங்கிலிக் கடைக்கு நூறு கிளையில் ஒன்றை மூடுவது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அவர்கள் போகிறார்கள் என்பதற்காக நீங்களும் கிளம்ப வேண்டியதில்லை, அவர்கள் வருகிறார்கள் என்பதற்காக ஒட்டிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் பில்லில் "பக்கத்துக்கு வந்தவர்" என்ற குறி எத்தனை சதவீதம், அதில் அந்தப் பெரிய கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

"மெட்ரோ வரப்போகிறது, அப்புறம் இந்த இடத்துக்கு இருக்கும் மவுசே வேறு" என்பது உரிமையாளர்கள் வாடகை ஏற்றும்போது சொல்லும் வாசகம். வரும்தான். எப்போது வரும்? சிட்னியின் ஜார்ஜ் தெருவில் டிராம் பாதைக்காக 2015 அக்டோபரில் தோண்டத் தொடங்கினார்கள். டிராம் ஓடியது 2019 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் நொடித்துப்போன கடைக்காரர்களும் மற்றவர்களும் கூட்டாக வழக்குப் போட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் யூனியன் ஸ்கொயர் வழியே போகும் சுரங்க ரயில் 2018 கடைசியில் ஓடும் என்றார்கள், பயணிகள் ஏறியது 2022 நவம்பரில். வேலை நடக்கும் வருடங்களுக்கு வாடகை குறைய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள். தர மறுத்தால், மெட்ரோவைக் காட்டி ஏற்றிய வாடகையைக் கொடுக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

தெருவை நடைபாதையாக்கும் திட்டம் வந்தாலும் இதே நிதானம் வேண்டும். கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயட் தெருவில் 1962இல் வண்டிகளை நிறுத்தியபோது கடைக்காரர்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். பிறகு அது ஐரோப்பாவின் பேர் பெற்ற கடைத்தெருக்களில் ஒன்றாயிற்று. சிகாகோவின் ஸ்டேட் தெருவில் 1979இல் கார்களைத் தடுத்துப் பேருந்துக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் விட்டார்கள். 1996இல் அதைக் கைவிட்டுக் கார்களைத் திரும்ப அனுமதித்தார்கள். அமெரிக்காவின் முதல் நடைபாதைக் கடைத்தெரு என்று 1959இல் திறந்த கலமசூவிலும் 1998இல் ஒரு பகுதி மறுபடி சாலையானது. என் கணிப்பு இது: தெருவைச் சுற்றி நடந்து வரும் தூரத்தில் ஆட்கள் குடியிருந்தால் நடைபாதை வியாபாரத்தைக் கூட்டும். எல்லோரும் காரில் வந்து போகும் ஊரில், மையத்திலிருந்து ஆட்கள் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும்போது, காரை நிறுத்துவது மட்டும் யாரையும் திரும்ப அழைத்து வராது.

சரி, இருப்பது என்று முடிவானால் வாடகைக்கு வருவோம். வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் வரியும் சேர்ந்து விற்பனையில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சும்மா ஒரு தொடக்கப் புள்ளி. 40 சதவீத மார்ஜின் (விற்ற விலையில் கொள்முதல் போக நிற்பது) உள்ள கடை 12ஐக்கூடத் தாங்கும், 15 சதவீத மார்ஜினில் ஓடும் கடைக்கு 6 சதவீதமே கையைக் கடிக்கும். இதைப் போன வருட விற்பனையை வைத்துப் போடுங்கள், வரப்போகிற விற்பனையை வைத்து அல்ல. வருடாந்திர உயர்வையும் மறந்துவிடாதீர்கள். வருடத்துக்கு 5 சதவீதம் என்பது சின்னதாகத் தெரியும். ஒன்பதாவது வருடத்தில் அது முதல் வருட வாடகையைவிட ஏறக்குறைய 48 சதவீதம் கூடுதலாக நிற்கும்.

பேரத்துக்கு ஒரு கருவி இங்கிலாந்திலிருந்து. அங்கே கடையை முன்பக்கத்திலிருந்து 20 அடி ஆழத்துக்கு ஒரு பட்டையாகப் பிரிப்பார்கள். முதல் 20 அடிக்கு முழு விகிதம், அடுத்த 20 அடிக்கு அதில் பாதி, அதற்கடுத்ததற்குக் கால். 20 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள கடையின் பரப்பு 1,200 சதுர அடி. இந்தக் கணக்கில் அது 700 சதுர அடி முழு விகிதத்துக்குச் சமம். சரக்கு அடுக்கிய பின்கட்டுக்கும் தெருவைப் பார்த்த ஷோகேசுக்கும் ஒரே வாடகை கேட்கும் உரிமையாளரிடம் இதைப் போட்டுக் காட்டலாம். அந்த முறை உங்கள் ஊரில் புழக்கத்தில் இல்லாவிட்டாலும் நியாயம் என்னவோ அதேதான்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்பதையும் பேச்சைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் வருடச் சட்டப்படி, புதுப்பிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாத வணிகக் குத்தகைதாரர் புதுப்பிப்பைக் கோரலாம். உரிமையாளர் மறுக்க, சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். பிரான்சில் வணிகக் குத்தகை வழக்கமாக ஒன்பது வருடம். குத்தகைதாரர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியேறலாம், உரிமையாளர் புதுப்பிக்க மறுத்தால் பொதுவாக இழப்பீடு தர வேண்டும். பல இடங்களில் தேதி முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். உரிமை உள்ளவர் பேசும் தோரணை வேறு, இல்லாதவர் பேசும் தோரணை வேறு.

அதே வட்டாரத்துக்குள் இடம் மாறுவது

ஐந்து வழிகளில் இதைத்தான் பலரும் சரியாக எடை போடுவதில்லை. மெயின் ரோட்டை விட்டால் ஊருக்கு வெளியேதான் என்பது போல யோசிப்பார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று தெருக்கள் கண்ணில் படாது. தேடி வருபவர்களால் நடக்கும் கடைக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிட நல்ல வழி பெரும்பாலும் இல்லை.

புத்தகக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் ஃபாய்ல்ஸ் 2014 ஜூனில் சாரிங் கிராஸ் சாலையிலேயே சில கதவுகள் தள்ளி, 107ஆம் எண்ணுக்கு மாறியது. முன்பு கலைக் கல்லூரி இருந்த கட்டடம் அது. பழைய கடை உள்ளே போனால் வழி தெரியாத சிக்கலுக்குப் பேர் போனது, புதியது அதற்கென்றே வடிவமைத்தது. வாடிக்கையாளர் பழைய பாதையிலேயே நடந்து வந்தார், கொஞ்சம் முன்னால் திரும்பினார். நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் 1927இல் நான்காவது அவென்யூவில், பழைய புத்தகக் கடைகள் டஜன் கணக்கில் வரிசைகட்டிய இடத்தில் தொடங்கியது. 1950களில் நடக்கும் தூரத்தில் இருந்த பிராட்வேக்கு மாறியது. 1990களில் அந்தக் கட்டடத்தையே வாங்கிவிட்டது. அந்த வரிசையில் இருந்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். கட்டடம் சொந்தமானதுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாடகைக் கடிதம் வராத கடைக்கு ஆயுள் கூடுதல்.

பக்கத்திலேயே மாறும்போது "அதே ஏரியாதானே" என்று அலட்சியமாக இருக்க முடியாது. ஒரே தெருவின் இரண்டு பக்கங்களுக்கே குணம் வேறு. டோக்கியோவின் ஜிம்போச்சோவில் யாசுகுனி சாலையின் தெற்குப் பக்கத்தில்தான் பழைய புத்தகக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. கடை வடக்கைப் பார்ப்பதால் வெயில் நேராக விழுந்து புத்தகம் வெளுக்காது. துணி, தோல், மருந்து விற்பவர்களுக்கும் இந்தத் திசைக் கணக்கு உண்டு. வெயில் காலத்தில் மக்கள் நிழல் பக்கமாகவே நடப்பார்கள் என்பது இன்னொன்று. காலையில் வேலைக்குப் போகும் பக்கத்தைவிட மாலையில் வீடு திரும்பும் பக்கத்துக்குப் பல பொருள்களில் மதிப்பு அதிகம், ஏனென்றால் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக யாருக்கும் விருப்பமில்லை. நடுவில் தடுப்புச்சுவர் இருக்கும் சாலையில் எதிர்ப்பக்கம் என்பது வேறு ஊர் மாதிரி.

ஆகவே பார்த்திருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பழைய கடை வாசலில் ஒருவர், புதிய இடத்தின் வாசலில் ஒருவர், ஒரே நேரத்தில். வேலைநாள் ஒன்று, விடுமுறை ஒன்று. மணிக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் எண்ணினால் போதும். கடந்து போகும் எல்லோரையும் எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. வேகம் குறைப்பவர்களை எண்ணுங்கள், கையில் கடைப் பையோடு போகிறவர்களை எண்ணுங்கள். ஆயிரம் பேர் ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து நிலைய வாசலைவிட, முந்நூறு பேர் பையோடு நடக்கும் குறுக்குத் தெரு நல்ல இடம்.

இப்போது அந்தத் தாளை எடுக்கலாம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், மாத விற்பனை 1,000, மார்ஜின் 30 சதவீதம், இருக்கும் இடத்தில் புது வாடகை 100, பக்கத்துத் தெருவில் 60 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40 மிச்சம். இன்டீரியர், போர்டு, சரக்கு ஏற்றி இறக்குவது, ஒரு மாதம் இரண்டு இடத்துக்கும் வாடகை, முதல் சில மாத மந்தம் எல்லாம் சேர்ந்து 900 ஆகிறது. 900ஐ 40ஆல் வகுத்தால் 23 மாதத்தில் போட்டது திரும்பும். ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் லாபம்தான் என்று தோன்றும்.

இங்கேதான் பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். இடம் மாறியதால் விற்பனை நிரந்தரமாக 10 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? விற்பனையில் 100 போகிறது, அதில் உங்கள் மார்ஜின் 30. மிச்சமான 40இல் 30 போய்விட்டது. கையில் நிற்பது மாதம் 10, போட்டது திரும்ப 90 மாதம். விற்பனை 13 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாறியதே நஷ்டம். ஆனால் குறைவது 3 சதவீதம் மட்டும் என்றால் மிச்சம் 31, இரண்டரை வருடத்துக்குள் சரியாகிவிடும். அந்த 3ஆ 10ஆ என்பதை யூகிக்கத்தான் பில்லில் குறி போடச் சொன்னேன். வழிப்போக்கரின் பங்கு விற்பனையில் 5 சதவீதம் உள்ள கடை தைரியமாக நகரலாம். 30 சதவீதம் உள்ள கடை, அவர்களில் பாதியை இழந்தாலே மாட்டிக்கொள்ளும்.

புதிய ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான், புதுப்பிக்கும் உரிமையும் கிடையாது என்றால் இந்த வழியையே தவிர்க்கலாம். உங்கள் காசில் அந்த இடத்தைப் பிரபலமாக்கிவிட்டு, அடுத்த வாடகை உயர்வுக்கு நீங்களே காரணமாக இருப்பீர்கள்.

மாடிக்குப் போவதும் ஒருவகையில் பக்கத்தில் மாறுவதுதான். ஹாங்காங்கில் தரைத்தள வாடகை கட்டுப்படியாகாத சிறிய புத்தகக் கடைகள் மாடிகளுக்கு ஏறி அங்கேயே தங்களுக்கென்று ஒரு வாசகர் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டன. தையற்காரர், கண்ணாடிக் கடை, பழுது பார்ப்பவர், பொழுதுபோக்குச் சாமான் விற்பவர் இவர்களுக்கெல்லாம் மாடி ஒத்துவரும். படிக்கட்டு தெருவிலிருந்து தெரிய வேண்டும், கீழே போர்டு வைக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். முதியவர்கள் அதிகம் வரும் கடையென்றால் லிஃப்ட் இல்லாத கட்டடத்தை யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு விதமான இடமாற்றமும் உண்டு, கடைத்தெருவே இன்னும் போய்ச்சேராத இடத்துக்கு முன்கூட்டியே போவது. மேசீஸ் 1902இல் நியூயார்க்கின் 14வது தெருப் பக்கத்திலிருந்து 34வது தெருவுக்குப் போனபோது மற்ற பெரிய கடைகளெல்லாம் வெகு தெற்கே இருந்தன. வாடிக்கையாளரை ஏற்றிவர நீராவி வண்டியே விட வேண்டியிருந்தது. பிறகு ஆல்ட்மன் 1906இல் பக்கத்தில் வந்தது, கிம்பெல்ஸ் 1910இல் வந்தது, வட்டாரமே மாறிவிட்டது. கேட்கச் சுவையான கதை. ஆனால் தன் செலவில் வண்டி விட முடிந்த கடையின் கதை அது. சிறிய கடை முதலில் போனால், மற்றவர்கள் வந்து சேரும்போது அது மூடியிருக்கும்.

மால்

மூடிய, குளிரூட்டிய மாலின் முன்மாதிரி விக்டர் க்ரூன் வடிவமைத்து 1956இல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல். அதன் தர்க்கம் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஒரே உரிமையாளர், யார் எங்கே உட்காருவது என்பதை அவரே முடிவு செய்வார். ஆளைக் கூட்டி வரும் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு, அந்தக் கூட்டத்தால் பிழைக்கும் சிறிய கடைக்கு அதிகம். 1998இல் பஷிகியன், கூல்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மால்களின் வாடகை விவரங்களை வைத்து இதை எண்களில் காட்டினார்கள். அநியாயம் என்று சொல்ல முடியாது. தெருவில் இலவசமாகக் கிடைக்கும் பக்கத்துக் கடைக் கூட்டத்துக்கு இங்கே பில் போடுகிறார்கள்.

அப்படியானால் பக்கத்துக் கடையாலும் வழிப்போக்கராலும் நடக்கும் கடைக்கு மால் பொருந்த வேண்டுமே? வியாபாரம் பொருந்தும், ஒப்பந்தம்தான் பொருந்துவதில்லை. குறைந்தபட்ச வாடகைக்கு மேல் விற்பனையில் பங்கு கேட்பார்கள். அடிப்படை வாடகை 100, பங்கு 8 சதவீதம் என்றால் விற்பனை 1,250ஐத் தாண்டிய ஒவ்வொரு நூறுக்கும் 8 அவர்களுக்கு. பொதுப் பராமரிப்புக் கட்டணம் தனி, விளம்பர நிதி தனி. திறக்கும் மூடும் நேரம் அவர்கள் சொல்வது, ஆகவே ஒரு ஷிஃப்ட் ஆட்கள் கூடுதலாக வேண்டும். குறிப்பிட்ட சுற்றளவுக்குள் இன்னொரு கடை வைக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் பழைய கடையைக் கிளையாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். உங்களை மாலுக்குள்ளேயே வேறு மூலைக்கு மாற்றும் உரிமையும் சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய கடை போய்விட்டால் வாடகை குறையும் என்ற பாதுகாப்பைச் சங்கிலிக் கடைகள் கேட்டு வாங்கிவிடும், தனிக் கடைக்காரருக்குக் கேட்டால்கூடக் கிடைப்பது கடினம்.

நகர மையத்து மாலுக்கு இன்னொரு ஆபத்து, விழுந்தால் மொத்தமாக விழும். சான் பிரான்சிஸ்கோவில் 2023 ஜூனில் மார்க்கெட் தெருவில் இருந்த தன் மால் கட்டடத்தைக் கடன் கொடுத்தவர்களிடமே விட்டுவிடுவதாக வெஸ்ட்ஃபீல்ட் என்ற மால் நிறுவனம் அறிவித்தது. அதே வருடம் ஆகஸ்டில் உள்ளே இருந்த நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய கடை மூடியது. தெருவில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முதலாளி, ஒருவர் நொடித்தாலும் பக்கத்தில் விளக்கு எரியும். கடைக்காரரே கல்லாவில் உட்கார்ந்து நடத்தும் சிறிய கடைக்கு மால் என்ற வழியைக் கடைசியில்தான் வைப்பேன்.

புறநகர்

2020க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பெருகியதால் அமெரிக்கப் பெருநகரங்களின் நடுப்பகுதியிலிருந்து ஆட்களும் கடைகளும் ஓரங்களுக்கு நகர்ந்ததை அர்ஜுன் ரமணியும் நிக்கோலஸ் ப்ளூமும் ஆராய்ந்து எழுதினார்கள். அலுவலகக் கூட்டத்தை நம்பியிருந்த கடைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் காணாமல் போயிற்று. உங்கள் கடையிலும் அப்படியா என்று கிழமை வாரியாக விற்பனையைப் பிரித்தாலே தெரிந்துவிடும். டெலிவரி முகவரிகள் ஒரே புறநகரில் குவிந்திருந்தால் அங்கே போவது வீம்பல்ல. ஆனால் விற்கும் பொருளைப் பொறுத்தது. அடிக்கடி வாங்கும் பொருளுக்குத்தான் மக்கள் பக்கத்துக் கடையைத் தேடுவார்கள். விலை அதிகமான, அபூர்வமாக வாங்கும் பொருளுக்கு நாலு கடை பார்க்க முடிகிற பெரிய மையத்துக்கே பயணம் செய்வார்கள். புறநகரில் தனியாக இருக்கும் அப்படிப்பட்ட கடையை யாரும் நம்பி வர மாட்டார்கள்.

மூடுவது

இதைத் தோல்வி என்று நினைத்துத் தள்ளிப்போடுவதால்தான் மூடுவது அவ்வளவு செலவாகிறது. சரக்கு இன்னும் விற்கும் நிலையில் இருக்கும்போது, அட்வான்ஸ் வாடகைப் பாக்கியில் கரையாமல் இருக்கும்போது, ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியும்போது மூடினால் கையில் ஏதாவது நிற்கும். இரண்டு வருடம் கழித்து டெட் ஸ்டாக்கோடும் கடனோடும் மூடினால் எதுவும் நிற்காது. கடையை எடுத்தபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு, அந்த இடிப்புச் செலவைக் கணக்கில் சேருங்கள். ஒப்பந்தத்தில் காலம் பாக்கி இருந்தால் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். நல்ல இடமென்றால் அந்த உரிமைக்கே விலை உண்டு.

ஷட்டரை இறக்கிவிட்டு ஆன்லைனில் மட்டும் நடத்தலாமே என்பார்கள். தேடி வருபவர்கள் நிறைந்த கடை முயலலாம். வழிப்போக்கரால் நடந்த கடைக்கு அங்கே வழியும் இல்லை, போக்கரும் இல்லை. அங்கே ஒவ்வொரு ஆளையும் விளம்பரக் காசு கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும், திரும்பி வரும் பார்சலின் செலவும் உங்கள் தலையில்தான். வாடகை வேறு பெயரில் வருகிறது. அமெரிக்காவிலேயே 2024இல் சில்லறை விற்பனையில் ஆறில் ஒரு பங்குதான் இணையத்தில் நடந்தது, மீதி கடைகளில்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்பந்தம் முடிய பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். உரிமையாளரிடம் போகும் முன்பு இன்னொரு இடத்தின் வாடகை எழுத்தில் கையில் இருக்கட்டும். பக்கத்தில் காலியான கடைகளின் பட்டியலையும், அவை எத்தனை மாதமாகக் காலி என்பதையும் எடுத்துப் போங்கள். கடை காலியாகக் கிடந்தால் அவருக்கும் நஷ்டம், அது அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில்தான் மாறுகிறீர்கள் என்றால் வெளியேறும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய ஷட்டரிலோ கண்ணாடியிலோ புதிய முகவரியும் வழிகாட்டும் அம்புக்குறியும் ஆறு மாதம் இருக்க அனுமதி. இதை வாய்ப்பேச்சில் விட்டால், அடுத்து வருகிற குத்தகைதாரர் பெயின்ட் அடிக்கும் முதல் நாளே கிழித்துவிடுவார்.